போட்டோ மட்டும்

“தவறினவங்க பேருங்க?” என்று கேட்டான் அர்ச்சுனன். தருமபுரி நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் கணினியில் தேடித் தருவது அவன் வேலை.

“நிர்மலா, பாப்பாரப்பட்டி. பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போட்டிருந்தாங்க,” என்றாள் வந்திருந்த பெண்.

பெயரைத் தட்டினான். ஒன்றும் வரவில்லை.

“விளம்பரமெல்லாம் படமாத்தான் கெடக்கும்ங்க, பேரு போட்டா சிக்காது. வருஷம், மாசம் சொல்லுங்க, பக்கம் பக்கமா பாத்துரலாம்.”

“ரெண்டாயிரத்து நாலு, வைகாசி. போட்டோ தெளிவா வருமாங்க?”

சேலம் பதிப்பை ஒவ்வொரு நாளாகப் புரட்டினான். கடைசியில் கிடைத்தது. ‘கண்ணீர் அஞ்சலி’க்குக் கீழே, சடையை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க அக்காவாங்க? அதே ஜாடை.”

“போட்டோவ மட்டும் பிரிண்ட் எடுங்க. எழுத்து வேணாம்.”

“தேதி இருந்தாத்தானேங்க திதி குடுக்க முடியும்?”

“திதி எதுக்குங்க? அது நான்தான். விக்டரைக் கட்டிக்கிட்ட மறுவாரம் எங்கப்பா குடுத்த விளம்பரம்.”

அர்ச்சுனன் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வெட்டி எடுத்தான்.

“சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு எம் பொண்ணு பாக்கணுங்கறா. வூட்டுல இருந்த என் போட்டோ எல்லாத்தையும் அன்னிக்கே கொளுத்திட்டாங்க. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்.”