மௌனமாய் ஜெயிப்பவள்

வெர்னா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

மேலே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் கீழ்த்தளத்துச் சபை நூலகம் வரைக்கும் கேட்டது. காப்பி போட்டு வைக்கலாம் என்று இறங்கி வந்தவள், பெண்கள் புத்தக அலமாரி முன்னால் அந்த அம்மாளைப் பார்த்தாள்.

எழுபது வயதிருக்கும். நரைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ஊருக்குப் புதுசு. அலமாரியிலிருந்து புத்தகங்களை உருவி உருவித் தோள்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கர்த்தரோட வீட்டிலயே கை வைக்கிறீங்களே, கூசலையா?"

அந்த அம்மாள் திடுக்கிடவில்லை. கையிலிருந்ததையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெர்னா பையைப் பிடுங்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே புத்தகம். 'மௌனமாய் ஜெயிப்பவள்.' லுவெல்லா ஹாஸ்கின்ஸ் எழுதியது. அலமாரியில் தங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் புத்தகம். அதற்காகவே நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் வெர்னா நாலைந்து பிரதி வாங்கிப் போட்டிருந்தாள்.

"படிக்கணும்னா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. யார் வேண்டாம்னா? இத்தனை எதுக்கு?"

"படிக்க இல்ல. எரிக்க."

வெர்னாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"எரிக்கவா? இந்தப் புத்தகம் என்ன பாவம் பண்ணிச்சு உங்களுக்கு? இந்த ஓக்லஹோமாவுல எத்தனை வீட்டுல இதனால விளக்கு எரியுதுன்னு தெரியுமா? என் வீடே இதாலதான் நின்னுது. 'அவன் கை ஓங்கினாலும் நீ குரலை ஓங்காதே...'"

"'...உன் மௌனத்துக்குள்ளிருந்து தேவன் பேசுவார்.' தெரியும். ஏழாவது அத்தியாயம்."

"தெரிஞ்சுமா இப்படிச் செய்றீங்க?"

"உங்க வீட்டுக்காரர் கை ஓங்குவாரா?"

வெர்னா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவள் கேட்கிற கேள்வியா இது?

"ஓங்கினார். அது அப்போ. நான் வாயைத் திறக்கல. அவருக்குப் பிடிச்ச பீச் பழக் கேக் சுட்டு வச்சுட்டு, முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். கர்த்தர் அவரை அப்படியே மாத்திட்டார்."

"எப்போ மாறினார்?"

"பக்கவாதம் வந்து படுத்தாரே, அதிலேர்ந்து ஒரு தடவைகூடக் கை..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷமாகச் சபை முன்னால் சாட்சி சொல்லும்போதெல்லாம் கம்பீரமாகச் சொன்ன விஷயம், இன்றைக்கு ஏனோ அவள் காதுக்கே வேறு மாதிரி விழுந்தது.

மேலே பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியிருந்தது.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள், குரலைத் திரட்டிக்கொண்டு. "இன்னிக்கும் பொண்ணுங்க என்னைத் தேடித்தான் வர்றாங்க. போன புதன்கிழமை ஷெல்பின்னு ஒரு பொண்ணு. சின்ன வயசு. உதடு கிழிஞ்சு வீங்கியிருக்கு. துணிமணியைச் சுருட்டிக்கிட்டு வந்து, ரெண்டு நாள் தங்க இடம் கொடுங்கன்னு நின்னா. நான் அவசரப்படல. சூப் கொடுத்து, பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணி, இந்தப் புத்தகத்தைக் கையில கொடுத்து, நானே கார்ல கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு வந்தேன். ஒரு குடும்பம் தப்பிச்சுது."

அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது.

"அதுக்கப்புறம் அவளைப் பார்த்தீங்களா?"

"இல்ல. இன்னிக்கு ஆராதனைக்கு வருவான்னு நெனச்சேன். வரல."

"வீடு எங்க?"

"எதுக்கு?"

"வீடு எங்கன்னு கேட்டேன்!"

அந்த அதட்டலில் வெர்னாவுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "மில் ரோட்டுல... ட்ரெய்லர் வீடுங்க இருக்கே, அதுல கடைசி. நீலக் கதவு."

அந்த அம்மாள் பையைக்கூடக் கேட்கவில்லை. விறுவிறுவென்று படியேறப் போனாள். வெர்னா ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"நில்லுங்க. அந்தப் பொண்ணுக்கு நீங்க யாரு? போய் அவளைக் கூட்டிட்டுப் போய்டுவீங்க, அப்படித்தானே? புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்ச பாவம் யார் தலையில விழும்? அந்த லுவெல்லா அம்மா ஊர் ஊராப் போய்ச் சேர்த்து வச்ச குடும்பங்களை, நீங்க ஊர் ஊராப் போய்க் கலைக்கிறீங்களா? தைரியம் இருந்தா அவங்க முகத்துக்கு நேரா நின்னு சொல்லுங்க, இந்தப் புத்தகம் தப்புன்னு!"

"தினம் சொல்றேன். கண்ணாடியைப் பார்த்து."

வெர்னாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பை கையிலிருந்து நழுவியது.

"நீங்களா... நீங்க எழுதினதா இது?"

"நான்தான். இனிமே அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்துக்காரங்க கால்ல விழாத குறையாக் கேட்டுப் பார்த்துட்டேன். நல்லா விக்குதேங்கிறாங்க." படியில் ஒரு கால் வைத்தபடியே சொன்னாள். "என் பொண்ணும் உங்க ஷெல்பி மாதிரிதான் துணிமணியோட என் வாசல்ல வந்து நின்னா. நானும் சூப் கொடுத்தேன், ஜெபம் பண்ணினேன், இதே புத்தகத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நானே கார்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்."

வெர்னா விலகி வழிவிட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அவளும் ஆராதனைக்கு வரல."