ஒரு 'ம்' குறைகிறது

"உங்க கையெழுத்து இல்லாம இது வெளியே போகாதுன்னு தெரிஞ்சுதானே சார் இப்படி அடம்பிடிக்கிறீங்க?"

மேலாளர் கத்தியபோது மணி மூன்றே கால். நான்கு மணிக்குள் வெளியிடும் நிறுவனத்துக்குக் கோப்பினை அனுப்பியாக வேண்டும். தவறினால் வெளியீடு மூன்று மாதம் தள்ளிப்போய்விடும்.

'ஒன்பது கோட்டை' என்ற போர் விளையாட்டின் நான்காவது மறுவெளியீடு அது. இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு வாடகை அறையில், ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனியாளாக அதை எழுதியவர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கோட்டைக்காரர்'. ஃப்ளாப்பியில் பிறந்து, சிடிக்குப் போய், இப்போது போன் வரைக்கும் வந்துவிட்ட விளையாட்டு.

ஒவ்வொரு தடவையும் எதையாவது மாற்றினார்கள். படங்களை மாற்றினார்கள், "ம்" என்றார். இசையை மாற்றினார்கள், "ம்" என்றார். அவர் ஆசை ஆசையாகப் போட்ட யானைப்படையையே தூக்கினார்கள். அதற்கும் "ம்"தான்.

இப்போது தகராறே ஒரு 'ம்'முக்குத்தான்.

ஆட்டத்தில் தோற்றால் திரையில் "மீண்டு வா" என்று வரும். "மீண்டும் வா" என்றுதானே வர வேண்டும்? போன வெளியீட்டிலேயே ஊர் சிரித்தது. 'ஒன்பது கோட்டை கட்டியவருக்கு ஒரு ம் போடத் தெரியவில்லை' என்று எழுதினார்கள்.

அதற்காகவே பிழை திருத்த ஒரு பெண்ணைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அவள் முதல் வேலையாக அந்த 'ம்'மைச் சேர்த்தாள். இன்று அதைப் பார்த்ததும் கோட்டைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அது பிழை இல்ல. வேணும்னேதான் அப்படி எழுதினேன்."

"வருஷக்கணக்கா இதையேதான் சொல்றீங்க. பிடிச்ச முயலுக்கு மூணே கால்!" மேலாளர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இதோ பாரும்மா, இந்தத் தடவையும் எவனாவது சிரிச்சான், மறுநாள்லேர்ந்து நீ வர வேண்டாம். பின்ன உன்னை எதுக்கு வெச்சிருக்கு?"

இன்னும் அரை மணி நேரம் கிடைக்குமா என்று கெஞ்சிப் பார்க்க, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவளுக்கு அது இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. நிரந்தரமாக இன்னும் பத்தே நாள். அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"தப்பை ஒத்துக்கிட்டா கிரீடமா சார் இறங்கிடும்? உங்களுக்கு அது ஒரு எழுத்து. எனக்கு வேலை."

கோட்டைக்காரரின் முகம் வாடிவிட்டது. "உன் தலையில விடியும்னு நான் நினைக்கலம்மா."

ஒப்புதல் படிவத்தை இழுத்து, மளமளவென்று எழுதினார். 'இந்தச் சொல்லைப் பிழை என்று சுட்டிக்காட்டித் திருத்தினார்கள். மறுத்தவன் நான். யார் சிரித்தாலும் பொறுப்பு என்னுடையது. சொல் மாறினால் இந்தக் கையெழுத்து செல்லாது.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"இதைக் காட்டு. உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்படி என்ன சார் வீம்பு?"

அவர் சற்று யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

'விபத்துக்குப் பிறகு எட்டு மாதமாகப் படுக்கை. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. பொழுது போகட்டும் என்று அண்ணன் உங்கள் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். தினமும் தோற்றேன். மற்ற விளையாட்டெல்லாம் மீண்டும் வா என்று ஆடத்தான் கூப்பிட்டன. உங்களுடையது மட்டும் மீண்டு வா என்றது. எனக்கென்றே சொன்னது போலிருந்தது. போன வாரம் எழுந்து நடந்தேன். யோசித்து யோசித்து அந்தச் சொல்லைப் போட்டிருப்பீர்கள். நன்றி.'

அவள் நிமிர்ந்தாள்.

"அந்தம்மா ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எழுதுவாங்க. வாங்கினதும் முதல் ஆட்டத்துல வேணும்னே தோப்பாங்களாம். அந்தச் சொல் இருக்கான்னு பார்க்க."

வெளியே மேலாளரின் குரல் நெருங்கியது. "முடியாதுன்னுட்டாங்க! நாலு மணின்னா நாலு மணிதான்!"

மூன்று ஐம்பது. அவள் கோப்பைத் திறந்தாள். 'ம்'மை அழித்தாள். சேமித்தாள். அனுப்பியும் விட்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கீங்க! நான் போய் அதைப் பிழைன்னு நினைச்சிட்டேனே."

கோட்டைக்காரர் ஒருமுறை கதவைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பிழைதாம்மா. தூக்கக் கலக்கத்துல 'ம்' விட்டுப்போச்சு. வெளியே சொல்லிடாதே, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு உயிர் பிழைச்சிருக்கு."