செம்பருத்தியை மட்டும் விட்டான்

நாலு மணி பஸ்ஸில் பாண்டீஸ்வரி வந்துவிடுவாள். அதற்குள் கொல்லையில் நீலமும் மஞ்சளும் இருக்கக்கூடாது.

அழகுபாண்டி முதலில் சங்குப்பூக் கொடியை அறுத்தான். நீலம்தான் தேனீயைச் சுண்டி இழுக்கும். அடுத்தது மஞ்சள். கேந்தி, வேலியோரச் சூரியகாந்தி, எல்லாம் போச்சு.

போன மாதம் கொட்டியது ஒரே ஒரு தேனீதான். அதற்கே பெண்டாட்டி பாண்டீஸ்வரிக்குத் தொண்டை அடைத்து, மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை. இன்னொரு கொட்டு வாங்கினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அப்புறம் இத்தனை நாளும் அம்மா வீட்டில் இருந்தாள்.

துளசியிடம் வந்ததும் கை நின்றது. அதன் ஊதாக் கதிரைத் தேனீ விடவே விடாது. சாமி குத்தம் வந்தால் தன் தலையோடு போகட்டும் என்று அதையும் பிடுங்கினான்.

செம்பருத்தியை மட்டும் விட்டான். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு வெறும் இருட்டு. பதினாறு வருஷமாகக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து தோட்டம் வளர்த்தவள், வெறுங்கொல்லையைப் பார்த்தால் உடைந்துபோவாள். ஒரு பூவாவது அவளுக்கு மிஞ்ச வேண்டாமா?

பூவைத் தலையில் மட்டும் வைக்கமாட்டாள். திருப்பரங்குன்றத்திலிருந்து மல்லிகை வாங்கி வந்தாலும் சாமி படத்துக்குப் போய்விடும். வாசம் தலைவலி என்பாள். கூச்சம் என்று இவனாக நினைத்துக்கொண்டான்.

வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. பிடுங்கிப்போட்ட குவியலைப் பார்த்தாள். தாண்டிப்போய் வேலியோரம் நின்றாள். அங்கே இருபத்தெட்டு இரும்புக்கால்கள் மேலே ஒன்றுமில்லாமல் நின்றன.

அவற்றின்மேல் இருந்த தேனீப் பெட்டிகளை நேற்றுப் பொழுதுசாய, தேனீக்கள் அடைந்தபிறகு, டி. கல்லுப்பட்டி சுருளி விலைக்கு வாங்கி வண்டியில் ஏற்றிப் போயிருந்தான். அழகுபாண்டிக்குத் தெரிந்த ஒரே தொழில் தேனீ வளர்ப்புதான்.

"பெட்டியெல்லாம் கொடுத்துட்டேன். வெளித் தேனீயும் வரக்கூடாதுன்னுதான் பூவையும் எடுத்தேன். எனக்கு நீ இருந்தாப் போதும். செம்பருத்தி இருக்கு பாரு, உனக்குன்னு விட்டுவச்சேன்."

பாண்டீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு எதுக்குங்க பூவு? நான் வச்சது அம்புட்டும் உங்க பெட்டிக்குல்ல."

அவன் திரும்பிச் செம்பருத்தியைப் பார்த்தான்.

செம்பருத்தி மட்டும் அவன் வைத்தது. கல்யாணமான வருஷம், அவளுக்காக. இன்றுவரை அதில் அவள் ஒரு பூ பறித்ததில்லை. தண்ணீர் ஊற்றாமல் ஒருநாளும் விட்டதில்லை.