சலித்தாலும் விடாதது

உருகி வழியும் எவர்சில்வரின் மேல் வாயுவைப் பீய்ச்சி அடித்தால், அது துளித்துளியாகச் சிதறி, கீழே விழுவதற்குள் உறைந்து பொடியாகிவிடும். அந்தப் பொடியைத்தான் தர அதிகாரி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் கடுகடுத்தது.

“இங்க வந்து பாருய்யா.”

உலைக்காரர் வந்து குனிந்தார்.

“ஒவ்வொரு பெரிய உருண்டை மேலயும் சின்னது ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. தெரியுதா?”

“பறக்கும்போது மோதி ஒட்டிக்கும் சார்.”

“தனியா நிக்க வக்கில்லாம பெரிசு முதுகுல ஏறி உக்காந்திருக்கு. தானும் உருளாது, பெரிசையும் உருள விடாது. இது எதுக்கு உதவும்? மொத்தத்தையும் தள்ளு.”

“ஒரு வாரமா உலையில வெந்திருக்கோம் சார். தள்ளினா எங்க தலையிலதான் விழும்.”

“விழட்டும். ஒட்டுண்ணியைக் கண்டாலே எனக்கு ஆகாது.”

முதலாளி உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“என்ன சத்தம்?”

“பொடியில சின்னது பெரிசோட ஒட்டியிருக்காம். வேணாங்கறார்” என்றார் உலைக்காரர்.

“சலிச்சுப் பாத்தியா?”

“நல்லாச் சலிச்சாச்சு முதலாளி. சின்னது விடமாட்டேங்குது.”

முதலாளி பெருமூச்சு விட்டார்.

“நானும் வருஷக்கணக்கா சலிச்சுக்கிறேன். எங்க விடுது?”

பிறகு தர அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“கார்ல ஏறுங்க மாப்ளே. நம்ம வீட்டு மாடியில, உங்க ரூமுக்குப் புது ஏசி மாட்ட ஆள் வந்திருக்காம். உங்க அத்தை போன் பண்ணினா.”