சேர வேண்டிய தேதி

நாலாவது நாளும் அரியமுத்து அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

விசாகப்பட்டினத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அரசாங்க ஆபீஸ் அது. ஜன்னலில் ஒரு பக்கம் கடல் தெரிந்தது, மறுபக்கம் மலை. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பில் இருபது வருஷமாகக் காவல் இருக்கிறவருக்கு இரண்டும் புதுசு.

முதல் நாள் போனபோது அதிகாரி லீவு என்றான் பியூன். மறுநாள் மீட்டிங். மூன்றாம் நாள் அவனுக்கே அலுத்துப் போய், கடற்கரையையும் மலையையும் கையால் காட்டி, சுற்றிப் பார்த்துவிட்டு நாளைக்கு வா என்று ஜாடையிலேயே அனுப்பிவிட்டான்.

அப்படி விரட்டி விரட்டியே ஊர் முழுவதையும் அவருக்குக் காட்டியிருந்தார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலையைப் பார்த்தார். அதன் அடியில் கப்பல் ஒன்று மெல்ல உள்ளே வருவதை மணலில் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் பார்த்தார். சிம்மாசலம் மலையேறி, மேனி முழுக்கச் சந்தனம் அப்பிய சாமியைக் கும்பிட்டார்.

இறங்கும்போது, தலை நிறையப் பூ வைத்த இளம்பெண்கள் நாலைந்து பேர், ஆண் துணை இல்லாமல், தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டு படியேறி வந்தார்கள். ஒதுங்கி நின்று, அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களையும் பார்த்தார். ஒருத்தியையும் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

இன்றைக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி தெலுங்குக்காரர், வயசானவர். பக்கத்தில் கடலூர்க்காரக் கிளார்க் குருநாதன், பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல நின்றார்.

அரியமுத்து இடுப்பில் செருகியிருந்த உறையை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் மகள் செங்கமலத்துக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த ஆர்டர். வேலையில் சேர வேண்டிய தேதி முடிந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அதிகாரி தேதியை இரண்டு தரம் பார்த்தார். ஏதோ சொன்னார். குருநாதன் முகம் மலர்ந்தது.

"கெடு முடிஞ்சிருச்சுங்க. ஆனா இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. தபால் லேட்டா வந்துச்சுன்னு ஒரு வரி குடுங்க, புதுத் தேதி போட்டுடுவாங்க."

"தபால்காரனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"அவங்க ஆபீசுக்கு எழுதுவாங்க. அங்க விசாரிப்பாங்க. அது அவங்க பாடு."

தபால்காரன் அமாவாசை நல்ல மனுஷன். வேகாத வெயிலில் ஆண்டிமடத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவன். அவன் மணிச் சத்தம் கேட்டால் செங்கமலம் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். சைக்கிள் நிற்காமல் போனால், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவாள். இப்படி எத்தனையோ நாள்.

போன வாரம் ஒரு நாள் மணிச் சத்தம் கேட்டும் அவள் வெளியே வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே அரியமுத்து அரியலூரில் ரயிலேறிவிட்டார். முந்திரி யாவார விஷயமாக மெட்ராஸ் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

"அவன் மேல தப்பில்லீங்க" என்றார். "வந்த அன்னிக்கே தோப்புக்கு வந்து என் கையில குடுத்துட்டான். நான்தான் காவக் குடிசைக் கூரையில ஒளிச்சு வச்சுட்டேன்."

குருநாதனின் பேனா நின்றது.

"ஒத்தப் பொட்டப்புள்ள. பாஷை தெரியாத ஊரு. பயந்துட்டேங்க."

அதிகாரி, என்னவாம் என்பதுபோல் பார்த்தார். குருநாதன் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அய்யா, இதச் சொன்னா, வீட்டுல இஷ்டமில்லன்னு ஆர்டரையே ரத்து பண்ணினாலும் பண்ணிருவாங்க. தபால்னே இருக்கட்டும்."

"நான் சொன்னத அப்படியே சொல்லுங்க, தம்பி."

குருநாதன் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அரியமுத்து நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அதிகாரி திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இப்போது அனுப்புவாயா என்று கேட்டாராம்.

"நானே கூட்டியாந்து விட்டுட்டுப் போறேங்க."

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் அதிகாரி. குருநாதன் அடியில் கார்பன் தாளை வைத்து எழுதி, எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். ஒளித்து வைத்தது, எத்தனை நாள், எதற்காக, எல்லாம் இருந்தது. அரியமுத்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி ஒரு மாதம் தள்ளிப் புதுத் தேதி போட்டு, முத்திரை குத்தினார்.

வெளியே வராந்தா வரைக்கும் குருநாதன் கூடவே வந்தார். எதையோ சொல்லத் தயங்கினார்.

"இதுல ஒரு காப்பி, புது ஆர்டரோட சேத்து உங்க மக பேருக்குத் தபால்ல போகும். அதான் வழக்கம். வேணாம்னா சொல்லுங்க, கேட்டுப் பாக்கறேன். நீங்க செஞ்சத அவங்க படிப்பாங்களே?"

அரியமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"படிக்கட்டும் தம்பி. அதுக்குத்தான படிக்க வச்சேன்."