ரம்லத்துக்கு ஒரு ஊசி

வாய்க்கு அருகே போன லட்டை யாக்கூப் எட்டிப் பிடுங்கினார்.

“ஒனக்கு என்ன வியாதின்னு மறந்துபோச்சா புள்ள?”

ரம்லத் பீவி வெறுங்கையைப் பார்த்தாள். லட்டைக் கொடுத்த சுடர்விழிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், கொரோனா ஊசி போட வந்த இடத்துக்கும் டப்பாவோடு வந்திருந்தாள். அவளுக்கு ஊசி போட்டாகிவிட்டது, அரை மணி நேரம் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

“தெரியாமக் குடுத்துட்டேன் பாய். அக்காவுக்கு சுகரா?”

“ஒரு வருசமா. சுகர் உள்ளவங்களுக்குக் கொரோனா வந்தா, மத்தவங்களவிட உசுருக்கு ஆபத்து ஜாஸ்தின்னு டாக்டரம்மா இவகிட்ட சொல்லியிருக்காங்க. கேட்ட அன்னைக்கே வீட்டு கேட்டப் பூட்டிட்டேன்.”

பூட்டியது உண்மை. மீமிசல் கரையில் மீன் ஏலம் என்றால் யாக்கூப்பின் குரல்தான் முதலில் கேட்கும். காய்ச்சலோடுகூடப் போய் நிற்கிற ஆள், ரம்லத்துக்கு ஆபத்து என்றதும் கரைப்பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. ஏலத்தைப் போனிலேயே எடுத்தார். சொந்த மச்சினன் வந்தபோதும் கேட்டுக்கு வெளியே நிறுத்தி நலம் விசாரித்து அனுப்பிவைத்தார்.

“நீங்களும் நல்லா எளச்சுட்டீங்களே பாய்?”

“எளைக்காம? இவ கேப்பக்கூழு குடிக்கையில நான் மட்டும் பிரியாணி திங்க முடியுமா? சக்கரை இல்லாத டீ, சாயங்காலம் மொட்டை மாடியில நடை, எல்லாம் சோடி போட்டுத்தான். மாத்திரை மட்டும்தான் வேற. இவளுக்கு சுகர் மாத்திரை, எனக்குச் சத்து மாத்திரை. ரெண்டையும் இவதான் பிரிச்சு எடுத்துத் தருவா.”

“குடுத்து வச்சவங்கக்கா நீங்க.”

“ஜெயிலே தேவலாம்மா. அங்க லட்டு குடுத்தா பிடுங்க மாட்டாங்க,” என்றாள் ரம்லத்.

நர்ஸ் ரஞ்சிதா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். “குப்பியில கடைசியா ஒரு ஆளுக்குத்தான் மருந்து இருக்கு. அடுத்து எப்ப வரும்னு தெரியாது. அறுபது வயசு ஆகாதவங்கன்னா சுகர், பிரஷர் உள்ளவங்க மட்டும் வாங்க.”

வரிசையில் மிச்சமிருந்தது இவர்கள் இருவர்தான். அறுபதுக்கு இருவருக்குமே இன்னும் சில வருடம் இருந்தது. யாக்கூப் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இங்கிட்டு சுகர் இருக்கு சிஸ்டர். இந்தா கூட்டிட்டு வாரேன்.”

“அப்ப நீங்க?” ரம்லத்தின் குரல் இறங்கியிருந்தது.

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஒனக்குப் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நட.”

உள்ளே போனதும் ரம்லத் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். பயப்படாத,” என்றார் யாக்கூப்.

“சீக்கிரம்மா. குப்பியைத் தொறந்தாச்சு, ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது,” என்றாள் நர்ஸ், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே.

பக்கத்து அறையிலிருந்து வந்த டாக்டர் ஞானமணி, ரம்லத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்னம்மா, இன்னுமா சொல்லல?”

யாக்கூப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சொல்லல?”

“தனக்கு ஒண்ணுன்னா இவரு கேக்கவே மாட்டாரு டாக்டர். எனக்குன்னாத்தான் கேப்பாரு.” சொல்லிக்கொண்டே ரம்லத், கணவரின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள். அவருடைய சட்டைக்கையைத் தானே மேலே சுருட்டிவிட்டாள்.

“ஏ புள்ள, என்ன பண்ற? சுகர் உள்ளவங்களுக்கு மட்டும்னு சிஸ்டர் சொல்றாங்கள்ல?”

“அதனாலதாங்க ஒங்கள ஒக்கார வச்சிருக்கேன்.”