விமர்சகர் பிரதி

மட்டமான வீடியோ கேம் அது. கடையில் வாங்கி ஆடியபோதே ஜெயசீலனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மற்ற விமர்சகர்கள் எல்லோரும் பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தார்கள். விலைபோய்விட்டார்கள் என்று தன் பத்தியில் காறித் துப்பினான். கேம் நிறுவனம் மறுத்துப் பேசவில்லை. விமர்சகர்களுக்கென்று இலவசமாகத் தரும் விமர்சகர் பிரதி ஒன்றை அவனுக்கும் அனுப்பிவைத்தது.

மூன்றாவது லெவலில் ஓர் இடிந்த பள்ளிக்கூடம். கடைப் பிரதியில் காலியாக இருந்த படியில் இப்போது ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். "யப்பா, ஏன் இவ்ளோ நேரம்? பசிக்குது" என்றாள்.

ஜெமிமாவின் குரல். முன்பல் விழுந்த அதே சிரிப்பு. மகளை அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

குரல் கேட்டு மனைவி எஸ்தர் சமையலறையிலிருந்து ஓடிவந்து திரையின் முன் உட்கார்ந்தாள்.

"இது அன்பளிப்பு எஸ்தர். வாங்குனத வெளிப்படையா எழுதிட்டு, இதத் திருப்பி அனுப்பிரணும். விமர்சகர் சங்கத்துல இந்த விதியக் கொண்டுவந்ததே நான்தான்."

அவள் திரும்பவில்லை. "பிள்ள பசிக்குதுன்னு சொல்லுதுங்க."

ஜெயசீலன் விமர்சனம் எழுதினான். பத்துக்கு ஒன்பது கொடுத்தான். கடைசியில், வழக்கமான அந்த வரியையும் சேர்த்தான்: 'இந்நிறுவனத்திடமிருந்து எந்த அன்பளிப்பும் பெறவில்லை.'